மாரி வீட்டுக்கு வந்த பாகம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம்முடைய இயக்குநர் சுதாகர் கேட்டான். படம் வரைவதைப் பற்றியும் அதை அசைய வைப்பதைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாது. அதற்கு இங்கே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த ஹட்டன் ஸ்டூடியோவுக்குக் கதையும் வசனமும் எழுத வந்தவள். இப்போது இரண்டாவது தடவையாக ஓய்வு பெற்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நம்முடைய ‘மேகப்பட்டி’ தொடரில் வரும் அந்த ஒரு குடும்பத்தைத்தான். இனிமேல் அவர்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். ஆகவே அவர்களைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். மலை உச்சியில் ஆடுமாடுகளைப் போல மேகங்களைப் பட்டியில் அடைத்து மேய்க்கிற ஒரு குடும்பம். அப்பா கொண்டல், அம்மா மாரி, மகள் முகிலி, கைக்குழந்தை சாரல். கடலரசன் மேகம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறான். மலை காய்கிறது. மாரி கடலுக்கடியில் இருக்கும் அரண்மனைக்குப் போய் அரசனின் பிள்ளையை வளர்க்க ஒப்புக்கொள்கிறாள். அதற்குக் கூலியாக மாதம் ஒரு சின்ன மேகம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதன் முதுகில் செருப்பும் மிட்டாயும் கட்டியிருக்கும். இது எதைப் பற்றிய கதை என்று நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. இங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேரின் வீட்டில் யாரோ ஒருவர் வெளிநாடு போயிருந்தார்.

முதல் வருஷத்தில் கொண்டலை வெறும் கோமாளியாக வைத்திருந்தோம். சோற்றைக் கருக்குவான், மேகத்தின் மீதிருந்து விழுவான், பிள்ளைகள் சிரிப்பார்கள். நடுவில் ஒரு பாகத்துக்கு அவன் பூதத்தோடு சண்டை போடுவதாக எழுதச் சொல்லிக் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டார்கள். பூதத்தை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாக, பாடசாலைக்குப் போக நேரமாகிவிட்ட மகளுக்குக் கொண்டல் தலை பின்னிவிடுவதை எழுதினேன். முதல் தடவை பின்னல் அவிழ்ந்துவிடுகிறது. இரண்டாம் தடவை முகிலிக்கு வலிக்கிறது, அவள் கத்துகிறாள். மூன்றாம் தடவை அவன் ஒரு மேகத்தைப் பிடித்து அதன் வாலில் பின்னிப் பழகுகிறான். மேகம் கூச்சத்தில் நெளிகிறது. அந்தப் பாகம் ஒளிபரப்பான பிறகு யாரும் கொண்டலைக் கோமாளி என்று சொல்லவில்லை. ஒரு ஆள் மாறியிருக்கிறான் என்பதை அவன் வாயால் சொல்ல வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நேற்றுத் தெரியாத ஒரு வேலையை இன்றைக்கு அவன் கை செய்தால் நம்புவார்கள்.

இதைத் தெரிந்து வைத்திருந்தும், மாரி வீட்டுக்குத் திரும்புகிற பாகத்தில் எனக்குத் தடுமாற்றம் வந்தது.

அது அந்த வருஷத்தின் கடைசிப் பாகம். மாரி மலையேறி வருகிறாள், முகிலி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள், மழை கொட்டுகிறது, முற்றும். தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டது அதைத்தான். முன்னோட்டத்திலும் கட்டிப்பிடிக்கிற படத்தையே போட்டுவிட்டார்கள். எழுதும்போது எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் கடைசிப் பாகம்தானே, பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முகிலிக்குக் குரல் கொடுத்தவள் கலைச்செல்வி. டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் வேலை. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து ஹட்டனுக்கு வருவாள். குரலைக் கேட்டால் பத்து வயதுப் பிள்ளை என்று நினைப்பீர்கள், ஆளைப் பார்த்தால் இருபத்து மூன்று. அவளுடைய அம்மா ராஜேஸ்வரி, கலைச்செல்வி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். இடையில் இரண்டு மூன்று தடவை விடுமுறையில் வந்து போனதோடு சரி. கலைச்செல்வியை வளர்த்தது அப்பாவும் அத்தையும். அந்த அம்மா அப்போதுதான், சில மாதங்களுக்கு முன்பு, ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தார்.

மாரிக்குக் குரல் கொடுக்கும் நடிகை கொழும்பிலிருந்து வர வேண்டும். ஒலிப்பதிவு அன்று காலை கினிகத்தேனைப் பக்கம் மண்சரிந்து பாதை மூடிவிட்டது. அவர் வழியிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். பாகத்தை அனுப்ப வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. முகிலியின் பேச்சையாவது அன்றைக்குப் பதிவு செய்துவிடலாம் என்று சுதாகர் சொன்னான். ஆனால் எதிரில் யாராவது மாரியின் வசனத்தைப் படித்தால்தான் கலைச்செல்விக்குப் பதில் சொல்ல வரும்.

அன்றைக்கு ராஜேஸ்வரியும் மகளோடு வந்திருந்தார். டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும் என்று வந்தவர், ஸ்டூடியோ வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுதாகர் அவரிடம் போய், “அம்மா, சும்மா பாத்துப் படிச்சா போதும். ஒங்க குரல் டீவியில வராது” என்று சொல்லிக் கூட்டி வந்தான். கலைச்செல்வி வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, நேரமில்லையே என்று பேசாமல் இருந்தேன்.

நம்முடைய ஒலிப்பதிவு அறையை உங்களுக்குத் தெரியும். சுவரெல்லாம் பழைய கம்பளி. தாயும் மகளும் ஒரு மைக்கின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் சுதாகரும், ஒலிப்பதிவு செய்யும் நுவனும். ராஜேஸ்வரி தாளைக் கண்ணிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். “முகிலி, எவ்வளவு வளர்ந்துட்ட” என்பது முதல் வசனம். அதற்கு முகிலி, “அம்மா, நீ வந்ததே போதும். இனி எங்கயும் போகாத” என்று ஓடிவந்து சொல்ல வேண்டும்.

கலைச்செல்விக்குக் குரல் வரவில்லை. மறுபடியும் எடுத்தோம். அம்மா என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். மூன்றாம் தடவை வாயே திறக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளிடம் அதற்கு முன் ஒரு வசனத்தை இரண்டு தடவைக்கு மேல் எடுத்ததே இல்லை.

ராஜேஸ்வரி தன் கையிலிருந்த தாளை மடித்தார்.

“என் மேல கோவமா இருக்கியாம்மா?” என்று கேட்டார்.

அது என் வசனம் இல்லை. சுதாகர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“கோவம் இல்லம்மா” என்றாள் கலைச்செல்வி. “ஒங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியல. ஃபோன்ல பேசியே பழகிருச்சு. ஃபோன்ல நீ, வா, போன்னு பேசுனேன். நேர்ல பாத்தா வாய் வரமாட்டேங்குது.”

ராஜேஸ்வரி மடித்த தாளை மைக் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: “எனக்கும் அப்படித்தான். அங்க ஒரு புள்ளையத் தூக்கி வளத்தேன். அதுக்கு எது புடிக்கும், எது ஒத்துக்காது, எல்லாம் தெரியும். ஒனக்கு என்ன கறி புடிக்கும்னு இன்னமும் ஒங்க அத்தைகிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

கலைச்செல்வி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சுதாகர் என் பக்கம் குனிந்து, “நிறுத்தாதீங்க டீச்சர், இதுதான் சீன்” என்றான். அவன் சொன்னது உண்மை. அதைவிட நல்ல காட்சியை நான் என் ஆயுளில் எழுதியதில்லை, இனி எழுதவும் போவதில்லை. நுவன் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நிறுத்திவிடுங்கள் என்றேன். நுவன் நிறுத்தினார். நாங்கள் மூவரும் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

சுதாகருக்கு என் மேல் கடும் கோபம். பாடசாலையில் என்னிடம் படித்தவன், என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். அன்றைக்குப் பேசினான். நிஜமான அழுகையை வைத்துக்கொண்டு பொய்யான அழுகையை யாராவது தேடுவார்களா என்று கேட்டான். பதிவானவரைக்குமாவது எடுத்துக்கொள்ளலாம், மாரியின் குரலில் அதை மறுபடி பேச வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றான்.

“நல்லா இருக்குதான் சுதாகர். அதுக்காக நாம எடுத்துக்கலாமா?” என்றேன்.

அவர்கள் இருவரும் வெளியே வர வெகு நேரமானது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பதிவாகிவிட்டது என்று அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் அழித்திருக்கலாம், ஆனால் அது அவர்களுடைய பேச்சு, என்ன செய்வதென்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கலைச்செல்வி அம்மாவைப் பார்த்தாள். ராஜேஸ்வரி வேண்டாம் என்று தலையசைத்தார். நுவன் அவர்கள் கண் முன்னாலேயே அதை அழித்துக் காட்டினார். இப்போது உங்களுக்கு இதை எழுதுவதும் அவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்ட பிறகுதான். பிறகு இருவரும் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள்.

அன்று மத்தியானம் சோறு சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தேன். அவர்கள் பேசியதில் ஒரு சொல்லையும் நான் தொடக் கூடாது. ஆனால் கட்டிப்பிடிக்கிற காட்சியையும் இனி வைத்திருக்க முடியாது. முகிலி இத்தனை பாகங்களாக வளர்ந்திருக்கிறாள். அம்மா இல்லாமல் பட்டியைப் பூட்டப் பழகினாள், தம்பியை நடக்கப் பழக்கினாள், அம்மாவைப் போகவிட்ட அப்பாவை மன்னித்தாள். அத்தனையையும் விட்டுவிட்டு அம்மா போன நாளில் இருந்த சின்னப் பிள்ளையாகவே அவள் ஓடிவந்தால், அவள் வளர்ந்ததெல்லாம் என்ன கணக்கு?

ஆகவே இப்படி எழுதினேன். மாரி வாசலில் நிற்கிறாள். சாரல் அவளைத் தெரியாமல் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிகிறான். முகிலி ஓடவில்லை. “வாங்க” என்கிறாள். விருந்தாளிக்குக் காட்டுவது போல, தண்ணீர்ப் பானை இப்போது எங்கே இருக்கிறது, கதவு எப்படிப் பூட்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். வீட்டில் எல்லாம் இடம் மாறியிருக்கிறது. படுக்கும் நேரத்தில் மாரி தனக்கு இடம் எது என்று தெரியாமல் நடுவீட்டில் நிற்கிறாள். முகிலி தன் பாயைச் சுவர்ப் பக்கம் நகர்த்துகிறாள். “அங்க குளிரும். இந்தப் பக்கம் படுங்க.” வெளியே மழை ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான்.

அதை முதலில் கலைச்செல்விக்குத்தான் காட்டினேன். உன் கதையை நான் எடுத்துக்கொண்டதாக ஒரு இடத்தில் தோன்றினாலும் சொல், கிழித்துவிடுகிறேன் என்றேன். இரண்டு தடவை படித்தாள். “இது முகிலி கதைதான் டீச்சர். இதை நான் பேசுவேன்” என்றாள்.

தொலைக்காட்சியில் இந்தத் தொடருக்குப் பொறுப்பாக இருந்த அம்மையாருக்கு இது பிடிக்கவில்லை. முன்னோட்டத்தில் கட்டிப்பிடிக்கிற படத்தைக் காட்டிவிட்டு இப்படி முடித்தால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள் என்று ஃபோனில் சொன்னார். அடுத்த வருஷத்துத் தொடரை வாங்குவதா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்றும் சொன்னார். அது மிரட்டலா, தகவலா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் நம்முடைய ஸ்டூடியோவில் அந்தத் தொடரை நம்பி இருந்தவர்கள் எல்லோரும் அந்த ஃபோனைச் சுற்றித்தான் நின்றார்கள். அவர்களில் சிலர் கட்டிப்பிடிக்கும் காட்சியை அழகாக வரைந்து முடித்திருந்தார்கள். என் பிடிவாதத்துக்கு விலை கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். பழைய காட்சியையே அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது.

சுதாகர் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினான். கோபித்துக்கொண்டு என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தவன். அவன் சொன்னது ஒரே விஷயம்தான்: “மிஸ், எங்க அம்மா லெபனானிலேருந்து வந்தப்ப நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். யாரு என்னான்னே எனக்குத் தெரியல. இதைப் பாக்குற புள்ளைங்க ஏமாற மாட்டாங்க.”

அவனுடைய அம்மா வெளிநாட்டில் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வகுப்பில் அவனுக்குப் படிப்பித்தவள் நான்.

அந்த அம்மையார், சரி அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார். பாதை திறந்ததும் கொழும்பு நடிகை வந்து மாரியின் வசனத்தைப் பேசினார். கலைச்செல்வி தன் பங்கை ஒரே தடவையில் பேசி முடித்தாள். படம் வரைபவர்கள் முணுமுணுத்துக்கொண்டே புதிய காட்சியை வரைந்தார்கள். அந்தப் பாய் நகர்கிற அழகைப் பாருங்கள், கோபத்தில் இருக்கும் ஒருவரால்தான் அவ்வளவு நிதானமாக வரைய முடியும். பாகம் ஒளிபரப்பானது. அடுத்த வருஷத்துக்கும் தொடரை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கலைச்செல்வியின் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று, அங்கே கோயில் மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் பாகத்தைப் போட்டுக் காட்டினோம். ஜன்னல்களைச் சாக்கால் மூடினோம். பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் நின்று பார்த்தார்கள். சாரல் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். பாய் நகர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் கலைச்செல்வி எங்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனாள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. ராஜேஸ்வரி புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கலைச்செல்வி உள்ளே போனதும் சத்தம் கேட்டது. மாவில் துருவிப் போட்ட தேங்காய்ப்பூ போதாது, விருந்தாளிகளுக்கு இப்படியா கொடுப்பது என்று அவள். இத்தனை பேருக்கு ரொட்டி சுட்டவளுக்கு நீ சொல்லிக் கொடுக்கிறாயா என்று அம்மா. தட்டைப் பிடுங்குகிற சத்தம். அத்தை வெளியே வந்து, ஒரு மாதமாகவே இப்படித்தான், எதை எடுத்தாலும் சண்டை, நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ரொட்டியைத் தின்றேன். தேங்காய்ப்பூ கொஞ்சம் குறைவுதான். ஆனால் விருந்தாளியோடு யாரும் அப்படிச் சண்டை போடுவதில்லை.

நாங்கள் வேனில் ஏறப் போகும்போது ஒருவர் தன் சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி தைப்பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறாராம். மகள் அன்றைக்குப் படம் பார்த்ததிலிருந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்த மாரி அம்மா திரும்பப் போயிருவாங்களா டீச்சர்? புள்ள கேக்குது.”

அது இன்னும் முடிவாகவில்லை. சுதாகருக்கும் எனக்கும் அதில் கருத்து வேறுபாடு இருந்தது. மாரி மறுபடி கடலுக்குப் போனால்தான் அடுத்த வருஷத்துக்குக் கதை ஓடும் என்பது அவன் எண்ணம். எனக்கும் அப்படித்தான் பாதி தோன்றியிருந்தது. அந்தப் பிள்ளை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

“இருப்பாங்க” என்றேன். “வீட்டுலயேதான் இருப்பாங்க.”

வேன் அக்கரப்பத்தனைப் பக்கம் இறங்கும்போது சுதாகர் என் பக்கம் திரும்பினான். பிறகு, யாரையும் கேட்காமல் ஒரு வருஷத்துக் கதையை வழியில் நின்று முடிவு செய்துவிட்டீர்களே என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

“அவங்க வீட்டுலயே இருந்தா அப்புறம் என்ன டீச்சர் கதை இருக்கு?”

“ரெண்டு பேரும் ரொட்டிக்கு எப்படிச் சண்டை போட்டாங்கன்னு கேட்டேல்ல?” என்றேன். “இது வெறும் ரொட்டிக்கு. வீட்டுல இன்னும் எவ்வளவு இருக்கு.”

சுதாகர் சிரித்தான். நுவன் முன் ஆசனத்திலிருந்து திரும்பி என்னவென்று கேட்டார். சுதாகர் அவருக்குச் சிங்களத்தில் விளக்கினான். அவரும் சிரித்தார். அந்த வருஷத்துக் கதையைத்தான் நீங்கள் இப்போது எழுத வந்திருக்கிறீர்கள். மாரி வீட்டில்தான் இருக்கிறாள்.